சேகரிப்பில் உள்ள பழைய ரிவால்வரை விற்பது எப்படி? முதல்முறை விற்பவர்களுக்கு

பழைய ரிவால்வர் ஒன்றை விற்க நினைப்பவர் எடுத்தவுடன் கேட்பது "இது எவ்வளவுக்குப் போகும்?" என்பதைத்தான். அதற்குப் பதில் தேடும் முன் முடிக்க வேண்டிய வேலைகள் நிறைய இருக்கின்றன. சேகரிப்பாளர் இரண்டு விஷயங்களுக்காகப் பணம் கொடுக்கிறார். துப்பாக்கி தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும், அது யார் கையில் எப்போது இருந்தது என்பதைக் காகிதத்தில் காட்ட முடிய வேண்டும். இந்த இரண்டுமே பெரும்பாலும் விற்பனைக்கு முன்பு, வீட்டிலேயே கெட்டுப்போகின்றன. நன்றாக இருக்கட்டுமே என்று தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுகிறார்கள், பழைய அட்டைப்பெட்டியைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அதனால் வாங்குபவர் வருவதற்கு முந்தைய வேலைகளைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன்.

உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்வது

எத்தனை வருடமாக அலமாரியில் கிடந்தாலும் சரி, "காலிதான்" என்று யார் சொன்னாலும் சரி, நீங்களே பார்க்கும்வரை அது நிரப்பிய துப்பாக்கிதான். குழல் ஆளில்லாத பக்கம் நோக்கி இருக்கட்டும், விரல் ட்ரிகருக்கு வெளியே இருக்கட்டும். அப்புறம் திறந்து பாருங்கள்.

திறக்கும் விதம் வகைக்கு வகை மாறும். சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் இடது பக்கத் தாழை முன்னால் தள்ளினால் சிலிண்டர் வெளியே வரும், கோல்ட்டில் பின்னால் இழுக்க வேண்டும். பிரிட்டிஷ் தயாரிப்பான வெப்லி நடுவில் மடிந்து திறக்கும். கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி போன்றவற்றில் சிலிண்டர் வெளியே வராது. ஹாமரைப் பாதி இழுத்து நிறுத்தி, வலது பக்கச் சிறு கதவைத் திறந்து, சிலிண்டரைச் சுற்றி ஒவ்வொரு அறையாகப் பார்க்க வேண்டும். ஆறு அறை இருந்தால் ஆறையும் பாருங்கள், ரஷ்ய ராணுவ ரிவால்வரான நாகாந்தில் ஏழு.

தோட்டா காலத்துக்கு முந்தைய, வெடிமருந்தைத் தனியாகக் கெட்டித்து, அதைப் பற்றவைக்கும் சிறு மூடியான கேப்பை மாட்டும் ரிவால்வர்களில் கூடுதல் கவனம் வேண்டும். நூறு, நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் நிரப்பி அப்படியே வைத்தவை இன்றும் கிடைக்கின்றன. உலர்ந்த கருமருந்து வயதாகிவிட்டதால் மட்டும் செத்துப்போவதில்லை. அப்படி ஏதேனும் தென்பட்டால் நீங்கள் தோண்டி எடுக்க முயல வேண்டாம். உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் சொல்லி, அவர் சொல்லும் முறைப்படி ஒப்படையுங்கள். தாழைத் திறக்கவே வரவில்லை என்றாலும் இதேதான். பலத்தைக் காட்டினால் ஒரு துண்டு உடையும், அந்தத் துண்டுக்கு மாற்று கிடைக்காமல் போகலாம்.

திறந்த சிலிண்டரைச் சினிமாவில் செய்வதுபோல் மணிக்கட்டைச் சுழற்றி மூடாதீர்கள். சிலிண்டரைத் தாங்கும் கை வளைந்துவிடும். தெரிந்தவர் யாரும் அதைச் செய்ததைப் பார்த்தாலே வாங்கமாட்டார்கள்.

சட்டம்

இது நாட்டுக்கு நாடு அடியோடு மாறுகிறது. துப்பாக்கி உங்களிடம் இருப்பது சட்டப்படி சரியா, அதை விற்க உங்களுக்கு உரிமை உண்டா, வாங்குபவருக்கு வாங்கும் உரிமை உண்டா என்று மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி 1898 அல்லது அதற்கு முன் தயாரானவை பழம்பொருள் என்று மத்திய அளவில் கருதப்படுகின்றன. அதற்குப் பிந்தையவை மாநிலம் தாண்டிப் போக வேண்டுமானால் உரிமம் பெற்ற வணிகர் வழியாகத்தான் கைமாற வேண்டும். மாநிலங்களுக்கும் தனித்தனி விதிகள் உண்டு. பிரிட்டனில் வயது மட்டும் போதாது. 1939 செப்டம்பர் 1க்கு முன் தயாரானதாக இருக்க வேண்டும், அதன் தோட்டா வழக்கொழிந்த வகைகளின் பட்டியலில் இருக்க வேண்டும், அதை அலங்காரப் பொருளாகவோ அரும்பொருளாகவோ மட்டும் வைத்திருக்க வேண்டும். 2021இல் அந்தப் பட்டியலிலிருந்து ஏழு தோட்டா வகைகள் நீக்கப்பட்டன. அதுவரை உரிமம் இல்லாமல் வைத்திருந்த சில ரிவால்வர்களுக்கு அன்றிலிருந்து உரிமம் தேவைப்பட்டது. கனடாவில் 2022 அக்டோபர் முதல் தனிநபர்களுக்கிடையே கைத்துப்பாக்கி விற்பதே, சில விதிவிலக்குகள் தவிர, நிறுத்தப்பட்டுவிட்டது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, சொந்த உபயோகத்துக்காக உரிமத்தோடு வைத்திருக்கும் துப்பாக்கியை விற்க நினைப்பவர் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்து மூலம் தெரிவித்துவிட்டு, குறைந்தது 45 நாள் காத்திருக்க வேண்டும்.

இத்தனையையும் சொல்வது நீங்கள் மனப்பாடம் செய்வதற்காக இல்லை. ஐந்து வருடத்துக்கு முன் நண்பர் ஒருவர் விற்ற முறை இன்று குற்றமாகியிருக்கலாம், இந்தத் துறையில் விதிகள் அவ்வளவு வேகமாக மாறுகின்றன என்று காட்டத்தான். உங்கள் ஊரின் உரிமம் வழங்கும் அலுவலகத்திடமோ இந்தத் துறையில் பழகிய வழக்கறிஞரிடமோ இன்றைய விதியைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெற்றோரோ தாத்தாவோ இறந்தபின் வீட்டில் கண்டெடுத்த, உங்கள் பெயரில் உரிமம் இல்லாத ரிவால்வர் என்றால் அதை எடுத்துக்கொண்டு எங்கேயும் கிளம்பாதீர்கள். காவல் நிலையத்துக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று நல்லெண்ணத்தில் பையில் போட்டுக்கொண்டு போவதே பல இடங்களில் சட்டவிரோதமாக ஆயுதம் கொண்டுசென்றதாகிவிடும். இருந்த இடத்திலேயே பூட்டி வைத்துவிட்டு, வழக்கறிஞர் மூலமாகவோ தொலைபேசியிலோ தெரிவியுங்கள். வாரிசுகளுக்கு அவகாசமும் தனி நடைமுறையும் தருகிற சட்டங்கள் பல உண்டு. வாரிசுகள் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் என்றால் எல்லோருடைய சம்மதமும் கையெழுத்தாக இருக்கட்டும். விற்ற பிறகு ஒரு சித்தப்பா வந்து "அது எனக்குச் சேர வேண்டியது" என்று நிற்கும் நிலைமை வேண்டாம்.

பிடியில் தந்தம் பதித்திருந்தால் அதற்குத் தனிச் சட்டம். துப்பாக்கியை விற்க அனுமதி இருந்தும், தந்தத்தை விற்கவோ எல்லை தாண்டி அனுப்பவோ முடியாமல் போகலாம். தந்தம் மாதிரித் தெரிவது எலும்பாகவோ பிளாஸ்டிக்காகவோ கூட இருக்கும். அறிந்தவரிடம் காட்டிவிட்டு எழுதுங்கள்.

தேய்க்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இந்தத் தலைப்பாக இருக்கட்டும்.

பழைய ரிவால்வரின் மேல்பூச்சு, அது நீலமோ நிக்கலோ, தொழிற்சாலையில் ஒருமுறை பூசியது. அதில் பாதி போயிருந்தாலும் மீதிப் பாதிக்கு மதிப்பு உண்டு. முழுதும் போய்ச் சாம்பல் கலந்த பழுப்பு நிறத்துக்கு வந்திருந்தால்கூட, அந்தப் பழுப்பு சீராகவும் இயல்பாகவும் இருந்தால் அதையே தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். கம்பி நாரும் மெருகு பசையும் எடுத்து உட்கார்ந்தால் ஒரே மதியத்தில் நூறு வருடம் போய்விடும், திரும்பி வராது. புதிதாக நீலம் பூசிக்கொடுக்கிறேன் என்பவரிடமும் கொடுக்காதீர்கள். அவர் நல்ல வேலைக்காரராகவே இருக்கலாம். ஆனாலும் சேகரிப்பாளரின் கணக்கில் மறுபூச்சு செய்த துப்பாக்கி வேறு வரிசைக்குப் போய்விடுகிறது.

செய்யக்கூடியது கொஞ்சம்தான். மென்மையான பருத்தித் துணியில் சில துளி துப்பாக்கி எண்ணெய் விட்டு வெளிப்பக்கத்தை லேசாகத் துடைக்கலாம். மரப்பிடியில் எண்ணெய் படவிடாதீர்கள், மரம் கறுத்து மென்மையாகிவிடும். துரு புதிதாகப் பிடிக்கிறது என்று தெரிந்தால் எண்ணெயை மட்டும் தடவி வைத்துவிட்டு, பழம்பொருள் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கேளுங்கள். தோல் உறைக்குள் வைத்திருந்தால் இன்றே வெளியே எடுங்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிடும்போது சேர்த்த ரசாயனமும் அதில் இருக்கும்; உறைக்குள் இருந்த பக்கம் புள்ளி புள்ளியாக அரித்துப்போயிருக்கும் துப்பாக்கிகளுக்குக் கணக்கே இல்லை. உறையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம், அதுவும் விற்பனையில் ஒரு பகுதி. தனியாக வையுங்கள்.

திருகாணிகளைத் தொடவே வேண்டாம். பொருந்தாத திருப்புளியால் கிழிந்த திருகாணித் தலையைப் பார்த்ததும், "யாரோ உள்ளே கைவைத்திருக்கிறார்கள்" என்று அனுபவசாலி முடிவுகட்டிவிடுவார். அதன்பின் நீங்கள் சொல்கிற எதையும் அவர் பாதி நம்பிக்கையோடுதான் கேட்பார்.

உங்கள் கையில் இருப்பது எது?

"பழைய கோல்ட்" என்பது ஒரு விவரமே கிடையாது. சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1873இல் தொடங்கி இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை வந்தது முதல் தலைமுறை. 1956 முதல் 1974 வரை இரண்டாவது. 1976 முதல் மூன்றாவது. தூரத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுதான், மதிப்பில் மூன்றும் வேறு வேறு. முதல் தலைமுறைக்குள்ளேயே ராணுவத்துக்குப் போனவை, தனியாருக்குப் போனவை, குழல் நீளம், தோட்டா அளவு என்று கிளைகள் பிரிந்துகொண்டே போகும். கோல்ட் பைத்தானும் அப்படித்தான். 1955 முதல் 2005 வரை வந்தது நின்றுபோய், 2020இல் மறுபடி தொடங்கியது. பெயர் ஒன்றாக இருந்தாலும் பழையதைத் தேடுபவர் புதியதை ஏற்கமாட்டார்.

தொடக்கம் சீரியல் எண். அதைத் தேடும்போது புதியவர்கள் அடிக்கடி தடுமாறும் ஓர் இடம் உண்டு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்களில் சிலிண்டரைத் திறந்தால் அதன் கையிலும் எதிரே ஃபிரேமிலும் எண்கள் தெரியும். 1957இலிருந்து வந்தவற்றில் மாடல் எண் அங்கேதான் இருக்கிறது, பக்கத்திலேயே தொழிற்சாலையில் பாகங்களைப் பொருத்தும்போது குறித்துக்கொண்ட எண்ணும் இருக்கும். அந்தப் பொருத்து எண்ணைச் சீரியல் என்று எழுதி விளம்பரம் செய்துவிடுகிறார்கள். பழையவற்றில் உண்மையான சீரியல் பிடியின் அடிப்பக்கத்தில் இருக்கும். அகலமான பிடி மாட்டியிருந்தால் அது மறைந்துபோகும். அதைப் பார்க்கப் பிடியைக் கழற்ற வேண்டுமானால், சரியான அளவுத் திருப்புளி வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்துக் கழற்றுவதே நல்லது.

போருக்கு முந்தைய பலவற்றில் ஒரே எண் பல இடங்களில் அடித்திருக்கும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் சிலிண்டரின் பின்முகம், குழலின் அடிப்பக்கம், சில சமயம் மரப்பிடியின் உட்பக்கம். பழைய கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷனில் ஃபிரேம், ட்ரிகர் வளையம், பின்பட்டை. எல்லாம் ஒத்துப்போனால் நல்ல செய்தி. ஒன்று மாறியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், மறைக்கப் பார்க்காதீர்கள்.

தயாரிப்பு ஆண்டு தெரிவது சட்டத்துக்கும் தேவை. நாகாந்தின் ஃபிரேமிலேயே ஆண்டு அடித்திருக்கும். பெரும்பாலானவற்றில் அப்படி இராது, சீரியல் எண்ணை வைத்துத்தான் ஆண்டைத் தேட வேண்டும்.

மாற்றம் என்று தெரிவதெல்லாம் கேடும் இல்லை, அசல்போல் இருப்பதெல்லாம் அசலும் இல்லை. என்ஃபீல்டு நம்பர் 2 ரிவால்வரில் ஹாமரின் மேல்நுனி இல்லாததைப் பார்த்து யாரோ வெட்டிவிட்டார்கள் என்று வருந்த வேண்டாம். 1938க்குப் பிறகு வந்த வடிவமே அதுதான். மாறாக வெப்லி மார்க் 6 வகையில் சிலிண்டரின் பின்முகத்தைச் சீவிக் குறைத்தவை ஏராளம். .455 தோட்டா கிடைப்பது அரிதானபோது, எளிதில் கிடைத்த .45 ஏசிபி தோட்டாவைப் பயன்படுத்தச் செய்த வேலை அது. சீவாத வெப்லிக்குச் சேகரிப்பாளரிடம் தனி மரியாதை. சீவியதில் இன்றைய .45 ஏசிபியைச் சுடுவது அந்தத் துப்பாக்கி தாங்கும் அழுத்தத்தை மீறக்கூடும் என்பதால், விற்கும்போது அதையும் எழுதியாக வேண்டும்.

கதைக்குக் காகிதம்

1873 ஜூலை 10 அன்று பிரஸ்ஸல்ஸில் கவிஞர் வெர்லேன், கவிஞர் ரேம்போவைச் சுட்டார். அந்த 7 மில்லிமீட்டர் ரிவால்வர் வகையால் சாதாரணம், அந்தக் காலத்தில் கடையில் கிடைத்தது. 2016இல் பாரிஸ் ஏலத்தில் அது, ஏலக்காரர்கள் சொன்ன உச்ச மதிப்பீட்டைப் போல ஆறு மடங்குக்கும் மேல் போனது. 1881இல் ஷெரீஃப் பேட் காரெட், தேடப்பட்ட குற்றவாளி பில்லி த கிட்டைச் சுட்டுக்கொன்ற கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் 2021இல் 60 லட்சம் டாலருக்கும் மேல் விலைபோனது. அது தயாரான அதே வருடம் அதே தொழிற்சாலையிலிருந்து வந்த வேறொரு கோல்ட்டுக்கு இதில் சிறு துளிகூடக் கிடைத்திருக்காது. இது அந்தத் துப்பாக்கிதான் என்று காட்டும் சங்கிலி அறுபடாமல் இருந்ததால் வந்த விலை அது.

நம்மிடம் இருப்பது அந்த அளவுக்கு இருக்காது. ஆனால் விதி இதே விதிதான். "இது ஒரு கர்னலுடையது என்று அப்பா சொல்வார்" என்ற வாக்கியத்துக்குச் சந்தையில் மதிப்பில்லை. கர்னலின் பெயரும் துப்பாக்கியின் சீரியல் எண்ணும் ஒரே காகிதத்தில் இருந்தால் மதிப்பு உண்டு. சீரியல் எண் இல்லாத கடிதம் எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும், அதனால் எதற்கும் பொருந்தாது. ஆகவே பழைய உரிமப் புத்தகங்கள், வாங்கிய ரசீது, புதுப்பித்த அனுமதிகள், காப்பீட்டுத் தாள், துப்பாக்கியோடு எடுத்த குடும்பப் புகைப்படம் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். விவரம் தெரிந்த பெரியவர் வீட்டில் உயிரோடு இருந்தால், அவர் அறிந்ததைச் சீரியல் எண்ணோடு எழுதி, சத்தியப் பிரமாணமாகக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள், அவருக்குப் பின்னால் அதைச் சொல்ல ஆளில்லை.

அடுத்தது தொழிற்சாலைக் கடிதம். கோல்ட்டின் ஆவணப் பிரிவும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஹிஸ்டாரிக்கல் ஃபவுண்டேஷனும் கட்டணம் வாங்கிக்கொண்டு, பழைய பேரேடுகளைப் பார்த்துக் கடிதம் தருகின்றன. குறிப்பிட்ட சீரியல் எண் எந்தத் தேதியில், யாருக்கு, என்ன குழல் நீளத்தில், என்ன பூச்சோடு அனுப்பப்பட்டது என்று அதில் இருக்கும். பெரும்பாலும் ஒரு மொத்த வியாபாரியின் பெயர்தான் வரும், அதில் ஏமாற்றமடைய வேண்டாம். துப்பாக்கி இன்று இருக்கும் நிலையும் பேரேடும் ஒத்துப்போகின்றன என்பதே பெரிய செய்தி. கடிதத்தில் நீலம் என்று இருந்து கையில் நிக்கல் இருந்தால், இடையில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். அதை வாங்குபவர் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்கள் தெரிந்துகொள்வது நல்லதுதான். எல்லா எண்ணுக்கும் பதில் கிடைக்காது, மிகப் பழைய கோல்ட்களுக்குக் குறிப்பாக. 1864இல் கோல்ட் தொழிற்சாலை தீப்பிடித்தது.

பெட்டியையும் மறக்காதீர்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அட்டைப்பெட்டிகளின் அடியில் மெழுகுப் பென்சிலால் சீரியல் எண் எழுதியிருப்பதுண்டு. அந்தக் கிறுக்கல் துப்பாக்கியோடு ஒத்துப்போனால், நைந்த அந்த அட்டைக்கே நல்ல விலை. 1935இல் அதே நிறுவனம் கொண்டுவந்த ரெஜிஸ்டர்டு மேக்னம் ரிவால்வரை வாங்கியவர் ஓர் அட்டையை நிரப்பி அனுப்பினால் அவர் பெயரில் சான்றிதழ் வரும். துப்பாக்கியும் சான்றிதழும் பிரிந்துபோனவை அதிகம் என்பதால், இரண்டும் சேர்ந்து கிடைத்தால் சேகரிப்பாளர் விடமாட்டார்.

நிலையை மதிப்பிடுவது

அசல் பூச்சு எத்தனை சதவீதம் மிஞ்சியிருக்கிறது என்பதே இந்த உலகத்தின் பொதுமொழி. பகல் வெளிச்சத்தில் பகுதி பகுதியாகப் பாருங்கள். குழலின் வாய்ப்பகுதியிலும் சிலிண்டரின் விளிம்பிலும் பிடியின் முன்பட்டையிலும் முதலில் தேயும். உங்கள் துப்பாக்கிக்கு நீங்களே மதிப்பெண் போடும்போது கை தாராளமாகிவிடும். தோன்றுகிற சதவீதத்திலிருந்து கொஞ்சம் குறைத்தே எழுதுங்கள்.

மறுபூச்சு நடந்திருக்கிறதா என்பதற்கு நாலைந்து அடையாளங்கள். கூர்மையாக இருக்க வேண்டிய விளிம்புகள் உருண்டிருக்கும். திருகாணித் துளையைச் சுற்றிச் சிறு பள்ளம் விழுந்திருக்கும். பொறித்த எழுத்துகள் ஆழம் குறைந்து கரைந்தமாதிரித் தெரியும். அரித்த குழிகளுக்குள்ளேயும் நீலம் இருந்தால் சந்தேகமே வேண்டாம், துருப்பிடித்த பின்தான் பூசியிருக்கிறார்கள்.

இயக்கத்தையும் பார்க்க வேண்டும், காலி என்று மறுபடி உறுதிசெய்துகொண்டு. ஹாமரை மெதுவாக இழுக்கும்போது அது முழுதாக நிற்கும் முன்பே சிலிண்டர் தன் இடத்தில் பூட்டிக்கொள்கிறதா, பூட்டியபின் பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் எவ்வளவு ஆடுகிறது, குழலின் உள்வரிகள் தெளிவாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வெறுமனே ட்ரிகரை இழுத்து இழுத்து விளையாட வேண்டாம். பழைய ஊசிமுனைகள் உடையும். சுடுவதற்குப் பாதுகாப்பானதா என்று பழுதுபார்ப்பவர் சோதித்துச் சொல்லாதவரை, "சுடும்" என்று விளம்பரத்தில் எழுதக் கூடாது. "சேகரிப்புக்காக மட்டும், சுட்டுச் சோதிக்கப்படவில்லை" என்பதே நேர்மையான வரி.

விலை

கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. விளம்பரங்களில் தெரிவதெல்லாம் ஆசை. விற்காமல் இருப்பதால்தான் அவை இன்னும் அங்கே இருக்கின்றன. ராக் ஐலண்ட், மார்ஃபி, பான்ஹம்ஸ் போன்ற ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் விலையை வெளியிடுகின்றன. அதில் உங்கள் மாடல், அதே காலகட்டம், அதே குழல் நீளம், ஏறக்குறைய அதே நிலை உள்ள நாலைந்து விற்பனைகளைத் தேடிப்பிடியுங்கள். வெளியிடும் தொகையில் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தரும் கூடுதல் கட்டணமும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும், விற்றவர் கைக்கு வந்தது அதைவிடக் குறைவு. மிக உயர்ந்த விலையை எடுத்து அதை உங்கள் விலையாக நினைக்காதீர்கள். அன்று இரண்டு பேர் விடாப்பிடியாக மோதியிருப்பார்கள்.

மதிப்பீட்டாளரிடம் காட்டுவதானால், அவரே வாங்கிக்கொள்ள விரும்புபவராக இருக்கக் கூடாது. மதிப்புச் சொல்லக் கட்டணம் வாங்குபவரிடம் போங்கள். இலவசமாக மதிப்புச் சொல்லி, அடுத்த மூச்சில் "நானே எடுத்துக்கொள்கிறேன்" என்பவரின் எண்ணை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

எந்த வழியில் விற்பது

உரிமம் பெற்ற வணிகர் உடனே பணம் தருவார், காகித வேலையும் அவருடையது. அவர் லாபம் வைத்து விற்க வேண்டும் என்பதால் குறைவாகத்தான் தருவார். அதில் தப்பில்லை. மதிப்பு நடுத்தரமாக இருந்து, அலைய நேரமில்லை என்றால் இதுவே போதும். அவரிடமே ஒப்படைத்து, விற்றபின் கமிஷன் போக மீதியை வாங்கிக்கொள்ளும் முறையும் உண்டு. அப்போது குறைந்தபட்ச விலை, கமிஷன், எத்தனை மாதம், அவர் கையில் இருக்கும்போது காப்பீடு யாருடையது என்ற நான்கும் எழுத்தில் வேண்டும்.

அரிதானது, வரலாறு உள்ளது, அல்லது விலையை உங்களால் தீர்மானிக்கவே முடியாதது என்றால் சிறப்பு ஏலம். விற்பவர் கமிஷன், படமெடுக்கும் கட்டணம், விற்காமல் திரும்பினால் கட்டணம் என்று கழிவுகள் உண்டு, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கொடுத்த நாளிலிருந்து பணம் வரப் பல மாதம் ஆகும். எல்லாப் பொருளையும் ஏலம் விடும் பொது நிறுவனத்தைவிடத் துப்பாக்கிகளுக்கென்றே ஏலம் நடத்துபவர்கள் நல்லது. சரியான இரண்டு பேர் அங்கேதான் இருப்பார்கள்.

நேரடியாக இன்னொரு சேகரிப்பாளருக்கு விற்றால் கையில் மிஞ்சுவது அதிகம், சுமையும் உங்களுடையது. சட்டம் தனியார் விற்பனையை அனுமதித்தாலும், கைமாற்றத்தை மட்டும் ஓர் உரிமம் பெற்ற வணிகரின் கடையில் வைத்துச் செய்யுங்கள். அவர் வாங்கும் சிறு தொகை, ஆளைச் சரிபார்த்துப் பதிவுசெய்யும் வேலைக்கானது. அந்தத் தொகையை மிச்சம் பிடிக்க நினைப்பவரோடு வியாபாரமே வேண்டாம்.

ஒரு முழுச் சேகரிப்பையே விற்பவருக்கு ஒரு வார்த்தை. மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்று வருபவர் நல்ல இரண்டை மனதில் வைத்துத்தான் வருகிறார். அந்த இரண்டு எவை என்று நீங்கள் தெரிந்துகொண்டபின் பேச்சைத் தொடங்குங்கள்.

படமும் விவரமும்

ஃபிளாஷ் வேண்டாம். நீலப் பூச்சில் வெளிச்சம் பளிச்சென்று தெறித்து, இருக்கும் கீறலை மறைக்கும், இல்லாத கறையைக் காட்டும். மேகமூட்டமான பகல் வெளிச்சமும் சாம்பல் நிறத் துணியும் போதும். இரண்டு பக்கமும் முழுதாக, மேலிருந்து, பிடியின் அடி, குழல்வாய், சிலிண்டரின் இரு முகங்கள், எழுத்துகள், முத்திரைகள், அப்புறம் ஒவ்வொரு குறையும் கிட்டத்தில். குறைகளை நல்ல வெளிச்சத்தில் எடுத்துப் போடும் விற்பனையாளரைத்தான் சேகரிப்பாளர் நம்புகிறார். பெட்டி, கடிதம், உறை எல்லாம் சேர்த்து ஒரு படம். எல்லோரும் பார்க்கும் படங்களில் சீரியல் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை மறைத்துவிட்டு, உண்மையாக வாங்க வருபவருக்கு முழு எண்ணைக் கொடுங்கள். படத்தில் வீட்டு ஜன்னலும் முகவரியும் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி இருக்கும் வீடு என்று விளம்பரம் செய்யக் கூடாது.

எழுதும்போது நீங்கள் பார்த்ததையும் நம்புவதையும் பிரித்தே எழுதுங்கள். "பூச்சு அசல்" என்பது ஓர் உறுதிமொழி. "எனக்கு அசலாகத் தெரிகிறது, தொழிற்சாலைக் கடிதத்தோடு ஒத்துப்போகிறது" என்பது உண்மை. மிச்சத்தை அவரே பார்த்து முடிவுசெய்யட்டும்.

கைமாற்றம்

வாங்குபவரின் அடையாளமும் உரிமமும் காலாவதியாகாமல் இருக்கிறதா, அந்த உரிமம் இந்த வகைத் துப்பாக்கிக்குச் செல்லுமா என்று பார்த்து, வழங்கிய அலுவலகத்திடமே சரிபாருங்கள். கேட்ட விலையைவிட அதிகமாகக் காசோலை அனுப்பி மீதியைத் திருப்பி அனுப்பச் சொல்பவர், தானே வராமல் "என் ஆள் வருவார்" என்பவர், காகிதம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பவர் மூவரையும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பணம் வங்கியில் முழுதாகச் சேர்ந்தது உறுதியான பின்பே பொருள் நகர வேண்டும்.

தொலைவில் இருப்பவருக்கு விற்றால், துப்பாக்கி அவருடைய ஊர் வணிகரிடம் போய்ச் சேரட்டும், அங்கே பார்த்துத் திருப்தியில்லை என்றால் திருப்பி அனுப்ப மூன்று நாள் அவகாசம் என்று முன்பே பேசிக்கொள்ளலாம். நேர்மையான விவரம் எழுதியவருக்கு இதில் பயமில்லை. அனுப்புவது உங்கள் நாட்டில் அனுமதிக்கப்பட்ட வழியில் மட்டும், அனுப்பும் நிறுவனத்திடம் பொருள் இன்னதென்று சொல்லி, முழு மதிப்புக்குக் காப்பீடு செய்து. தோட்டாக்கள் அதே பொதியில் ஒருபோதும் போகக் கூடாது. துப்பாக்கியை அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி, ஈரமுறிஞ்சிப் பொட்டலம் வைத்து, புதிய உறுதியான பெட்டிக்குள் அசையாமல் வையுங்கள். பழைய அசல் பெட்டியைத் தனியாகச் சுற்றி உள்ளே வைக்க வேண்டும், அதையே அனுப்பும் பெட்டியாக்கிவிடக் கூடாது.

விற்பனைப் பத்திரத்தில் தயாரிப்பாளர், மாடல், தோட்டா அளவு, சீரியல் எண், இருவரின் பெயர், உரிம எண், தேதி, தொகை, கூடச் சேர்த்துக் கொடுத்தவை எல்லாம் வரட்டும். இரண்டு பிரதி, இருவர் கையெழுத்து. உங்கள் பிரதியை எத்தனை வருடமானாலும் எறியாதீர்கள். பின்னாளில் அந்த எண் எங்காவது ஒரு விசாரணையில் வந்தால், இந்தத் தேதியோடு உங்கள் பொறுப்பு முடிந்தது என்று காட்டுவது அந்த ஒற்றைத் தாள்தான். அதே வாரத்தில் உங்கள் உரிமத்திலிருந்து அந்தத் துப்பாக்கியை நீக்கச் சொல்லி எழுதுங்கள், காப்பீட்டிலும் எடுத்துவிடுங்கள், வந்த லாபத்துக்கு வரி உண்டா என்று கணக்கரிடம் கேளுங்கள். அந்த ரிவால்வருக்காக வாங்கி வைத்த தோட்டாக்கள் மேஜை இழுப்பறையில் மிஞ்சியிருந்தால், துப்பாக்கி போனபின் அவற்றை வைத்திருக்க உங்களுக்கு அனுமதி இல்லாமல் போகலாம். அவற்றையும் வணிகரிடமோ காவல்துறையிடமோ முறைப்படி ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.